கப்பலா, அச்சமா? ‘கேலீட்’ தொடங்கிச் சில பழைய ஆங்கிலச் சொற்கள்

வங்கக்கரை எழுதியது:

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் திமிங்கல வேட்டை பற்றிய எழுத்துகளில் ‘கேலீட்’ என்றொரு சொல் வருகிறது. ‘கேலி’ என்ற வினையின் இறந்தகால வடிவம். திமிங்கலக் கூட்டம் கலவரப்பட்டுத் திசை தெரியாமல் நிற்கும் இடத்தில் இதைப் போடுகிறார்கள். துடுப்புப் போர்க்கப்பலுக்கும் ஆங்கிலத்தில் ‘கேலி’ என்றுதான் பெயர். அதைக் கண்டு பயந்து ஓடுவதால் இந்த வினை வந்தது என்று ஒரு விளக்கம் உலவுகிறது. தூக்குமரமான ‘கேலோஸ்’ஸிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. எது சரி? அச்சமும் கப்பலும் சேர்ந்து வரும் பழைய ஆங்கிலச் சொற்கள் வேறு இருந்தாலும் சொல்லுங்கள். பொருள் துல்லியமாக வேண்டும்.

(தமிழ்க் கேலிக்கும் இதற்கும் உறவில்லை என்பது தெரியும். அந்த நகைச்சுவையை யாரும் தொடங்க வேண்டாம்.)

---

அகரமுதலி எழுதியது:

இரண்டுமே தவறு.

‘கேலி’ என்ற வினையின் மூலம் பழைய ஆங்கிலத்தின் ‘ஆகெல்வன்’. திகைக்க வைத்தல், வெலவெலக்கச் செய்தல் என்பது பொருள். இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் அரசர் காலத்தில், ரோமத் தத்துவஞானி போயித்தியஸின் நூலுக்கு வந்த மொழிபெயர்ப்பில் “அப்போது நான் திகைத்துப்போனேன்” என்ற பொருளில் இதன் செயப்பாட்டு வடிவம் வருகிறது. பின்னர் முன்னொட்டு தேய்ந்து ‘கேலோ’ ஆனது. லியர் அரசன் நாடகத்தில், 3ஆம் அங்கத்துப் புயல் காட்சியில், சீறும் வானம் இருளில் திரியும் விலங்குகளையே அஞ்சவைத்துக் குகைக்குள் அடைக்கிறது என்று கெண்ட் சொல்லும்போது வருவது இந்த வினைதான். ‘கேலோ’வின் கிளை வடிவம் ‘கேலி’.

துடுப்புக் கப்பலின் பெயர் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு முன் இடைக்கால இலத்தீனில் ‘கலேயா’. ஆகெல்வன் வழக்கில் இருந்த காலத்தில் அந்தப் பெயர் ஆங்கிலத்துக்குள் வரவே இல்லை. கப்பல் சமையலறையைக் ‘கேலி’ என்பது அதற்கும் வெகு பிந்தையது. தூக்குமரம் பழைய ஆங்கிலத்தில் ‘கல்கா’. அது பெயர்ச்சொல், வேர் வேறு. ஒலி ஒத்துப்போனதால் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள்.

1851இல் வந்த மோபி டிக் நாவலின் 87ஆம் அத்தியாயத்துக்கு மெல்வில் எழுதிய அடிக்குறிப்பு ஒன்று உண்டு. இது பழைய சாக்சன் சொல், நிலத்தில் வழக்கொழிந்தது, திமிங்கல வேட்டைக்காரர்கள் தாங்களே கட்டிய கரட்டுச் சொல் என்று கரைவாசிகள் நினைத்துக்கொள்கிறார்கள் என்கிறார். சொற்பிறப்பு சரி. நிலத்தில் அடியோடு ஒழிந்தது என்பது மட்டும் மிகை. தென்மேற்கு இங்கிலாந்தின் வட்டார வழக்கில் அது உயிரோடு இருந்தது. வயலில் பறவைகளை விரட்ட நிறுத்தும் பொம்மை வைட் தீவில் ‘கேலிபேகர்’, டார்செட் பக்கம் ‘கேலிக்ரோ’.

---

தண்டுவலி எழுதியது:

சொற்பிறப்பை அகரமுதலி முடித்துவிட்டார். தொழிலில் அதன் பொருள் என்ன என்று சொல்கிறேன், அது தெரியாமல் மொழிபெயர்த்தால் பாதிதான் வரும்.

வேட்டைப் படகு 28 முதல் 30 அடி நீளம். ஆறு பேர்: பின்னால் சுமார் 22 அடி நீளச் சுக்கான் துடுப்போடு படகுத் தலைவர், அணியத்தில், அதாவது முன்முனையில், ஈட்டி எறிபவர், நடுவில் நான்கு பேர். ஈட்டிக்காரரும் நெருங்கும்வரை துடுப்பு வலிப்பார், ஆக ஐந்து துடுப்புகள். தொட்டிகளில் சுற்றி வைத்த கயிறு மொத்தம் 300 பாகம் அளவுக்கு இருக்கும், அதாவது 1800 அடி.

திமிங்கலத்துக்குக் காது கூர்மை. துடுப்பு, தாங்குமுளையில் உரசும் சத்தம் போதும். அதனால் முளைகளில் பாயோ தோலோ சுற்றுவார்கள். காற்று தோதாக இருந்தால் படகிலேயே சிறு பாய் விரித்துச் சத்தமில்லாமல் போவார்கள். கடைசித் தூரத்தில் நீளத் துடுப்புகளை உள்ளே இழுத்துவிட்டுக் கையால் தள்ளும் குட்டைத் துடுப்புகளை எடுப்பார்கள். ஸ்பெர்ம் திமிங்கலத்துக்குக் கண் தலையின் இரு பக்கவாட்டில். நேர் முன்னும் நேர் பின்னும் பார்வை எட்டாது. ஆகவே அந்த இரண்டு வழிதான் அணுகும் வழி.

இதில் எங்கே தவறினாலும் கூட்டம் ‘கேலீட்’ ஆகிவிடும். ஒன்று, காற்றை எதிர்த்து ஓடும். ஆள் வலிக்கும் படகு எட்டிப் பிடிக்க முடியாது. இல்லையென்றால் ஓடவும் தோன்றாமல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சுழலும். மெல்வில் காட்டும் சுந்தா நீரிணைக் காட்சி இந்த இரண்டாவது நிலை. வெறும் ‘பயந்தது’ என்று போட்டால் போதாது. பயத்தில் புத்தி கலங்கிய நிலை அது.

---

வங்கக்கரை எழுதியது:

அப்படியானால் ‘மிரண்டது’ என்று போடலாமா? மாடு மிரள்வதற்கும் அதே சொல்தானே.

---

அகரமுதலி எழுதியது:

மிரண்டது நன்றாக இருக்கிறது. ‘வெருண்டது’ இன்னும் நெருக்கம் என்பேன். வெருள் என்ற வினை, வெருட்டு என்ற பிறவினை, வயல் பொம்மைக்கு வெருளி என்று மூன்றும் ஒரே வேரில் நமக்கு இருக்கின்றன. ஆங்கிலத்தில் கேலிக்குக் கேலிபேகர் எப்படியோ, அப்படியே வெருளுக்கு வெருளி. யாழ்ப்பாணப் பக்கம் ‘வெருட்டாதே’ என்பது இன்றும் அன்றாடப் பேச்சு.

---

குறில்நெடில் எழுதியது:

வங்கக்கரையின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். அச்சமும் கப்பலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வரும் இடம் பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது.

முதலில் ஒரு ஏற்பாடு. ‘ஆஷ்’ என்ற எழுத்துக் குறிக்கும் உயிரொலி நம்மிடம் இல்லை. ஆவுக்கும் ஏவுக்கும் நடுவே வரும். குறிலை எகரமாகவும் நெடிலை ஏகாரமாகவும் இங்கே எழுதுகிறேன்.

‘ஃபெர்’ (குறில்): பயணம், போக்கு. அதிலிருந்து பயணம் செய்யும் கலம், கப்பல். ‘ஃபரன்’, அதாவது போதல், என்ற வினையோடு சேர்ந்தது. இன்றைய ஆங்கிலத்தில் பயணக் கட்டணத்தைக் குறிக்கும் ‘ஃபேர்’ இந்தக் குடும்பம்.

‘ஃபேர்’ (நெடில்): திடீரென்று வந்து விழும் ஆபத்து, திடீர்த் தாக்குதல். இன்றைய ‘ஃபியர்’ இதன் பிள்ளை. ஜெர்மனில் ஆபத்தைக் குறிக்கும் ‘கெஃபார்’ உறவினர்.

பழைய ஆங்கிலக் காவியமான பியோவுல்ஃபின் 33ஆம் வரியில் துறைமுகத்தில் நிற்கும் ஷீல்ட் அரசனின் ஈமக் கப்பல் ‘இளவரசனின் ஃபெர்’ எனப்படுகிறது. பனி படிந்து, புறப்படத் துடித்து நிற்கும் கப்பல். அந்த இடத்தில் நெடிலாகப் படித்தால் ‘இளவரசனின் பேராபத்து’ என்றாகிவிடும்.

கவனிக்க வேண்டியது: பழைய ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ மனத்தில் எழும் உணர்ச்சி அல்ல, வெளியே நிகழும் ஆபத்து. ஆபத்தின் பெயர் உணர்ச்சியின் பெயராக மாறியது இடைக்கால ஆங்கிலத்தில்தான். பழைய உரையில் இந்தச் சொல்லைக் கண்டதும் ‘அச்சம்’ என்று போடுவது அவசரம்.

---

நீலத்திரை எழுதியது:

அப்ப பயணத்திலிருந்துதான் பயம் வந்ததுன்னு சொல்லலாமே? கடல்ல போறது ஆபத்து, ஆபத்து பயம். அழகா பொருந்துதே.

---

குறில்நெடில் எழுதியது:

அழகாகப் பொருந்துவதுதான் சிக்கல் நண்பரே. இரண்டையும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ‘பெர்’ என்ற வேருக்குக் கொண்டுபோகும் அகராதிகள் உண்டு. முயலுதல், துணிதல், கடந்து செல்லுதல் என்று அந்த வேருக்குப் பொருள் சொல்வார்கள். இலத்தீனின் ‘பெரிகுலும்’, அதாவது ஆபத்து, என்பதும் அங்கிருந்தே. ஆனால் அந்தப் பிரிவு நடந்தது ஆங்கிலம் என்ற மொழி உருவாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன். கடலுக்கும் அதற்கும் தனித் தொடர்பு காட்ட முடியாது. ஆங்கிலப் படகோட்டிகள் பயணத்தைப் பார்த்துப் பயத்துக்குப் பெயர் வைத்ததாகச் சொன்னால் கதைதான்.

---

நீலத்திரை எழுதியது:

சரி, வேர் தனி. ஆனா சுவடியில குறில் நெடில் குறியே கிடையாதே, 33ஆம் வரியில கப்பல்தான்னு எப்படி இவ்வளவு உறுதி? நெடில் கோடு போட்டவங்க இந்தக் காலத்துப் பதிப்பாசிரியர்கள்தானே?

---

குறில்நெடில் எழுதியது:

நியாயமான கேள்வி. சுவடிகளில் சில இடங்களில் சாய்கோடு உண்டு, ஆனால் அதை முறையாக நம்ப முடியாது. மூன்று சோதனைகள் இருக்கின்றன.

யாப்பு உதவுமா என்று முதலில் பார்ப்பார்கள். இங்கே உதவாது. மெய்யில் முடியும் ஓரசைச் சொல் குறிலானாலும் நெடிலானாலும் கனத்த அசைதான். நம் யாப்பில் ஒற்றடுத்த குறில் தனித்து நேரசை ஆவதுபோல. ஒரு குறிலும் ஒற்றும் போதும், எடை நிரம்பிவிடும்.

அடுத்தது பாலும் பன்மையும். கப்பலான ‘ஃபெர்’ அஃறிணைப்பால், பன்மை ‘ஃபரு’. ஆபத்தான ‘ஃபேர்’ ஆண்பால். சுட்டுச்சொல்லோ பன்மை விகுதியோ பக்கத்தில் இருந்தால் விடை கிடைத்துவிடும். 33ஆம் வரியில் எழுவாய் ஒருமை, சுட்டும் இல்லை. ஆகவே இதுவும் கைவிடுகிறது.

மிஞ்சுவது சூழல். முந்தின வரியில் துறையில் நிற்கிறது ‘வளைய அணியம் கொண்டது’. அது கப்பலுக்கு வழங்கும் கவிப்பெயர். பனி படிந்தது, புறப்படத் துடிப்பது என்ற அடைகள் ஆபத்துக்கு ஒட்டாது. உறுதி இந்த இடத்தில் சூழலால் வருகிறது, எழுத்தால் அல்ல.

---

எழுகடல் எழுதியது:

கவிதைகளில் இரண்டும் மெய்யாகவே சேரும் இடங்கள் உண்டு, ஒலி விபத்து இல்லாமல். அதற்குரிய சொல் ‘எயெசா’, பெருந்திகில். எழுத்தில் நடுவே ‘க’ போலத் தெரியும், ஒலிப்பில் யகரம். இதை வேறு பெயரோடு ஒட்டிக் கூட்டுச்சொல் செய்வார்கள்: தீத்திகில், நீர்த்திகில், வெள்ளத்திகில்.

‘நீர்த்திகில்’ பியோவுல்ஃபில் 1260ஆம் வரியில் வருகிறது. அரக்கன் கிரெண்டெலின் தாய் குடியிருக்க விதிக்கப்பட்ட இடம் அது. அங்கே அது உணர்ச்சி இல்லை, இடம். அச்சம் தரும் நீர்ப்பரப்பையே குறிக்கிறது.

வெர்செல்லிச் சுவடியில் உள்ள அந்திரேயா கவிதையில் அதே சொல் புயலுக்கு. 370ஐ ஒட்டிய வரிகள் கப்பல் ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். காற்று வலுக்கிறது, அலைகள் அரைபடுகின்றன, நீரோட்டம் கலங்குகிறது, கயிறுகள் கிறீச்சிடுகின்றன, பாய்கள் நனைகின்றன. அதன்பின் ஒரே அடியில் ‘நீர்த்திகில் எழுந்து நின்றது’. உடனே வீரர்கள் ‘ஆகோல்மோட்’ ஆகிறார்கள். ‘ஆகோல்’ என்றால் வெலவெலத்த, ‘மோட்’ என்றால் மனம். இதில் ‘பாய்கள்’ என்று நான் எழுதிய இடத்தில் மூலத்தில் இருப்பது ‘ஆடைகள்’ என்ற சொல். மனிதரின் உடை நனைந்ததாக மொழிபெயர்த்துவிடக் கூடாது. முந்தின சொல் கயிறு. பியோவுல்ஃபிலும் பாய்க்குக் ‘கடலாடை’ என்றே பெயர்.

யூனியஸ் சுவடியில் உள்ள யாத்திராகமக் கவிதை இன்னும் விசித்திரம். செங்கடல் எகிப்தியர்மேல் கவிழும்போது, 447ஆம் வரி: மக்கள் ‘ஆஃபேரட்’ ஆனார்கள், ‘வெள்ளத்திகில்’ வந்தது. முதற்சொல் குறில்நெடில் சொன்ன நெடில் ‘ஃபேர்’ குடும்பம், அஞ்சவைக்கப்பட்ட என்று பொருள். அதே கவிதையில் பாலைவனத்தில் வழிகாட்டும் மேகத்தைக் கவிஞர் பாய் என்கிறார். அதன் பாய்மரக் கயிறுகளை யாரும் அறியவில்லை, பருமலை, அதாவது பாயைத் தாங்கும் குறுக்குமரத்தை, யாராலும் காண முடியவில்லை என்கிறார். காலடியில் மணல், தலைக்குமேல் பாய்! இஸ்ரவேலரைக் ‘கடலோடிகள்’ என்றும் அழைக்கிறார். விவிலியத்தில் இல்லாத கப்பல் முழுவதையும் அவரே கட்டியிருக்கிறார், ரசிக்கத்தக்க துணிச்சல்.

உணர்ச்சிச் சொல்லில் ஏமாற்றும் இடம் ஒன்று. எக்ஸெட்டர் சுவடியின் கடலோடி கவிதையில், எவ்வளவு தைரியசாலியானாலும் தன் ‘சேஃபோர்’ குறித்துச் ‘சோர்க்’ இல்லாதவன் இல்லை என்று வருகிறது. சேஃபோர் கடற்பயணம். சோர்க் இன்றைய ‘சாரோ’வின் மூதாதை, ஆனால் இங்கே துயரம் இல்லை. ஆண்டவன் தனக்கு என்ன வைத்திருக்கிறானோ என்ற கவலை. ‘அவனுக்குக் கடற்பயணத் துயரம்’ என்று எழுதினால் அந்த வரி சோகப் பாட்டாகிவிடும்.

---

நீலத்திரை எழுதியது:

பாய், பருமல்னு சொல்றீங்க. அந்தக் கால இங்கிலீஷ்காரங்க பாய் விரிச்சாங்களா, துடுப்பு மட்டுமா? இங்கிலாந்துல சட்டன் ஹூங்கிற இடத்துல, சவத்தோட புதைச்ச கப்பல்ல பாய்மரமே இல்லைன்னு படிச்சேன்.

---

தண்டுவலி எழுதியது:

பாய்மரம் நின்றதற்கான தடயம் கிடைக்கவில்லை என்பதுதான் சரி. 1939இல் தோண்டியபோது மரம் முழுக்க மட்கி, மணலில் பதிந்த அச்சும் இரும்பு ஆணிகளும்தான் மிச்சம். நீளம் 27 மீட்டர், பலகைமேல் பலகை ஏற்றி ஆணியடித்த கட்டு. காலம் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். புதைத்தபோது நடுவில் சவ அறை கட்டியதால், பாய்மரக் கட்டை இருந்து அகற்றப்பட்டதா என்ற கேள்வி தீரவில்லை. 1993இல் பாதியளவு மாதிரி செய்து பாய் விரித்து ஓட்டிப் பார்த்தார்கள், நன்றாகவே ஓடியது. ஓடும் என்பதற்கு அது சான்று, ஓடியது என்பதற்கு அல்ல. பியோவுல்ஃப் சுவடி கி.பி. 1000ஐ ஒட்டியது. அதற்குள் பாய் சாதாரணம்.

---

அகரமுதலி எழுதியது:

உரைநடையையும் விட்டுவிட வேண்டாம். ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் 793ஆம் ஆண்டு: நார்த்தம்பிரியாமேல் கொடிய முன்னறிகுறிகள் வந்து மக்களைப் பரிதாபமாக அஞ்சவைத்தன. சுழற்காற்று, மின்னல், வானில் பறக்கும் தீ நாகங்கள். அதே ஆண்டில் லிண்டிஸ்ஃபார்ன் மடம் சூறையாடப்படுகிறது. அங்கே வரும் வினை ‘ப்ரேகன்’, திகிலூட்டுதல். பெயர்ச்சொல் ‘ப்ரோகா’. இரண்டும் பிற்காலத்தில் செத்துப்போயின.

896ஆம் ஆண்டுக் குறிப்பு கப்பல் பக்கம். டேனியரின் ‘ஆஷ்’களுக்கு எதிராக ஆல்ஃபிரட் நெடுங்கப்பல் கட்டச் சொல்கிறார். ஆஷ் என்றால் ஒருவகை மரம், அதிலிருந்து டேனியர் கப்பலுக்கும் பெயர். குறில்நெடில் சொன்ன எழுத்தின் பெயரும் அந்த மரம்தான். புதிய கப்பல்கள் ஏறக்குறைய இரு மடங்கு நீளம், சிலவற்றுக்கு 60 துடுப்பு, சிலவற்றுக்கு அதற்கும் மேல். வேகமானவை, உயரமானவை, கூடவே ‘உன்வெயால்ட்’. ‘வெயால்ட்’ என்றால் தள்ளாடும். எதிர்மறை முன்னொட்டு சேர்ந்தால் ஆட்டம் குறைந்த, நிலையான.

முதல் மோதலிலேயே அவை தரைதட்டின என்பதையும் அதே குறிப்பு மறைக்கவில்லை. ஒன்பது கப்பல்கள் ஆறு டேனியக் கப்பல்களை மடக்கப் போயின. நீர் வற்றியதும் ஆல்ஃபிரட்டின் கப்பல்களில் மூன்று, டேனியர் இருந்த கரையிலும் மீதி எதிர்க்கரையிலும் மாட்டிக்கொண்டன. ஆங்கிலேயரும் அவர்கள் பக்கம் நின்ற ஃப்ரிசியருமாக 62 பேர், டேனியர் 120 பேர் இறந்தார்கள். நீளமான கப்பலின் அடிப்பாகம் பெரும்பாலும் நீரில் ஆழமாக இறங்கியிருக்கும். வெள்ளம் திரும்பியபோது டேனியர் கலங்கள்தான் முதலில் மிதந்தன, தப்பின.

---

காற்றுமுகம் எழுதியது:

எல்லோரும் சுவடியிலேயே நிற்கிறீர்கள். பாய்க்கப்பல் பெருங்காலம் 17 முதல் 19ஆம் நூற்றாண்டு. அங்கே இரண்டு பழைய சொற்கள் அச்சத்தோடு நேராகக் கட்டுண்டவை.

‘அபேக்’. பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்பெக்’, பின்னோக்கி. ‘டேக்கன் அபேக்’ என்று இன்று திடுக்கிட்டுப் போனவரைச் சொல்கிறார்கள். மூலம் கப்பலுக்கு நேரும் விபத்து. சதுரப் பாய்க்கப்பல் காற்றுக்கு மிக நெருக்கமாகப் போனாலும் ஆறு ‘பாயிண்ட்’, அதாவது 67.5 பாகைக்குள் நெருங்காது. காற்று திடீரென்று முன்பக்கம் திரும்பினாலோ சுக்கான் பிடிப்பவர் கண் அயர்ந்தாலோ காற்று பாயின் மறுபக்கம் அடிக்கும். பாய் பாய்மரத்தில் அப்பிக்கொள்ளும். பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளில் பெரும்பாலானவை பக்கத்துக்கும் பின்னுக்கும் இழுத்துக் கட்டியவை, முன்னே தாங்குபவை சில மட்டுமே. ஆகவே பின்னோக்கிய தள்ளலில் மேல்மரங்கள் முறியும். கப்பல் பின்னோக்கி நகரத் தொடங்கினால் சுக்கான் பலகையின் மேல் நீர் தவறான பக்கம் மோதி அதன் முளைகளைப் பிடுங்கலாம்.

மீளும் வழி: பின்மரத்துப் பெரும்பாயைச் சுருட்டி, கப்பலின் பின்பாகத்தின் மேல் விழும் காற்றை முதலில் குறைக்க வேண்டும். முன்மரத்துப் பருமல்களை எதிர்ப்பக்கம் திருப்பி, காற்று அந்தப் பாய்களைத் தள்ளி அணியத்தைப் பக்கவாட்டில் விலக்கும்படி செய்ய வேண்டும். முன்முக்கோணப் பாய்களைக் காற்று வரும் பக்கம் இறுக்க வேண்டும். கப்பல் பின்னோக்கி நகர ஆரம்பித்த கணத்தில் சுக்கானை எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டும். இதை மறப்பதுதான் வழக்கமான பிழை. அணியம் விலகி மற்ற பாய்கள் நிறைந்ததும் பருமல்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

‘லீ’. பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லேயோ’, ஒதுக்கிடம், பாதுகாப்பு. அரசனையே ‘வீரர்களின் ஹ்லேயோ’ என்று கவிதைகள் புகழும். கப்பல் வழக்கு நார்ஸ் மொழிப் பக்கத்திலிருந்து வந்தது. குன்றின் ‘லீ’ப் பக்கம் நின்றால் காற்றுக்கு மறைவு. ஆனால் ‘லீ ஷோர்’ என்றால் மாலுமிக்கு வயிறு கலங்கும். காற்று உங்களை எந்தக் கரைமேல் தள்ளுகிறதோ அந்தக் கரை. ஒதுக்கம் கப்பலுக்கு இல்லை, கப்பலின் மறுபக்கத்தில் இருக்கிறது. கரை அந்தப் பக்கம்.

ஏன் தப்புவது கடினம்? ஆறு பாயிண்டுக்கு மேல் காற்றை நெருங்க முடியாது. அதோடு கப்பல் பக்கவாட்டில் வழுகும். மிதமான காற்றில் ஒரு பாயிண்ட், புயலில் பாய் குறைத்தபின் பல மடங்கு. இரண்டும் சேர்ந்து எட்டு பாயிண்ட், அதாவது 90 பாகை, ஆகிவிட்டால் காற்றை எதிர்த்து ஓர் அடிகூட ஏற முடியாது, கரைக்கு இணையாக ஓடலாம், அவ்வளவுதான். விரிகுடாவாக இருந்தால் இரு முனைகளில் ஒன்றையும் தாண்ட முடியாமல் அடைபட்டுப்போகும். காற்றைப் பின்னால் வாங்கித் திரும்ப இடம் வேண்டும், அந்த இடம் கரைப் பக்கம்தான் செலவாகும். காற்றுக்கு முகம் காட்டித் திருப்பினால் பேரலையில் அணியம் பாதியில் நின்றுவிடும்.

கடைசி வித்தை ‘கிளப் ஹாலிங்’. கரைப் பக்க நங்கூரத்தைத் தயாராக வைத்து, அதன் வளையத்தில் தனி வடம் ஒன்றைக் கட்டி, வெளிப்புறமாகக் கப்பலின் பின்மூலைக்குக் கொண்டுவருவார்கள். சுக்கானைத் திருப்பி, கப்பல் காற்றுக்கு நேரே வந்து வேகம் இழக்கும் கணத்தில் நங்கூரம் விழும். அது அணியத்தை இழுத்துக் காற்றைக் கடக்க வைக்கும். கடந்ததும் நங்கூர வடத்தை வெட்டுவார்கள். இப்போது பின்மூலை வடம் பிடித்துக்கொண்டு கப்பலைப் புதிய திசைக்குத் திருப்பும். பாய் நிறைந்ததும் அதையும் வெட்டுவார்கள். நங்கூரம் போச்சு, கப்பல் மிஞ்சும். ஒரு முறைதான் வாய்ப்பு.

1859 அக்டோபரில் வேல்ஸின் ஆங்கிள்சி கரையில் ‘ராயல் சார்ட்டர்’ கப்பல் நொறுங்கியது இப்படித்தான், நீராவி இயந்திரத் துணை இருந்தும். நங்கூர வடங்கள் அறுந்தன, இயந்திர வலு போதவில்லை. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1861இல் பிரிட்டனின் வானிலைத் துறைத் தலைவர் ஃபிட்ஸ்ராய் புயல் எச்சரிக்கை முறையைத் தொடங்கியதற்கு இந்தப் புயல் பெரிய காரணம்.

---

நீலத்திரை எழுதியது:

‘டெவில் டு பே’ கூட கப்பல்காரங்க வழக்குதானே? ‘டெவில்’னா அடிப்பலகை இடுக்கு, ‘பே’ன்னா கீல் (தார்) பூசறது, எட்டாத இடம், அதான் பிசாசு.

---

காற்றுமுகம் எழுதியது:

பாதி சரி. ‘பே’ என்பதற்குக் கீல் பூசுதல் என்ற பொருள் உண்மை. பணம் கொடுக்கும் ‘பே’யோடு உறவில்லை, இலத்தீனில் கீலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழி வந்தது. பலகை இடுக்கில் பழங்கயிற்று நாரைத் திணித்து, மேலே சூடான கீலை ஊற்றுவது முறை. ஆனால் அந்தச் சொற்றொடர் முதலில் பிசாசுக்குக் கடன் தீர்ப்பதாகத்தான் வழங்கியது. ‘கீல் சூடாகவில்லை’ என்ற வாலை மாலுமிகள் பின்னால் ஒட்டிச் சிலேடையாக்கினார்கள். சிலேடை நல்லது, சொற்பிறப்பு இல்லை.

---

எழுகடல் எழுதியது:

யாரும் ‘ட்ரெட்நாட்’டைத் தொடவில்லையே. ‘ட்ரெட்’ பழைய ஆங்கில ‘ஒன்ட்ரேடன்’ என்பதிலிருந்து. முன்னொட்டு அறுந்து விழுந்து வால் மட்டும் நின்றது. பழைய வழக்கில் இது தற்சுட்டாக வரும், ‘நான் எனக்கு அஞ்சுகிறேன்’ என்பது போல. அந்த ‘எனக்கு’வை மொழிபெயர்க்க வேண்டாம். ‘நாட்’ என்றால் ஒன்றுமில்லை. ஆக, எதற்கும் அஞ்சாதது.

1906 கப்பல்தான் எல்லோருக்கும் தெரியும்: 1905 அக்டோபரில் அடிமரம் வைத்து 1906 பிப்ரவரி 10 அன்று போர்ட்ஸ்மத்தில் நீரில் இறக்கியது, 12 அங்குலப் பீரங்கிகள் பத்து, டர்பைன் இயந்திரம், 21 நாட் வேகம். ஆனால் பெயர் பாய்க்கப்பல் காலத்தது. 1588இல் ஸ்பானியக் கடற்படையை எதிர்த்த ட்ரெட்நாட் ஒன்று. 1805 டிராஃபல்கரில் 98 பீரங்கிக் கப்பல் ஒன்று. அது முதுமையில் கிரீனிச்சில் மாலுமிகளின் மிதக்கும் மருத்துவமனையாக நின்றது.

---

தண்டுவலி எழுதியது:

ட்ரெட்நாட் துணிக்கும் பெயர். தடித்த கம்பளித் துணி, மழைக்கோட்டுக்கு. அதன் இரட்டை ‘ஃபியர்நாட்’. கப்பலில் அதற்கு இன்னொரு வேலை உண்டு. சண்டை தொடங்குமுன் வெடிமருந்து அறைக்கு இறங்கும் வாய்களில் ஃபியர்நாட் திரைகளைத் தொங்கவிட்டு நீரில் நன்றாக ஊறவைப்பார்கள். மேல்தளத்தில் தெறிக்கும் பொறி உள்ளே போகாது. திரையில் உள்ள சிறு மடிப்பு வழியாக மருந்துப் பொதிகளைக் கைமாற்றுவார்கள். துணி காய்ந்துவிட்டால் பயனில்லை, ஒருவர் ஓயாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே போர்க் குறிப்பில் ‘ஃபியர்நாட் தொங்கவிடப்பட்டது’ என்று வந்தால் அது கொடியும் இல்லை, வீர வசனமும் இல்லை.

---

வங்கக்கரை எழுதியது:

அருமை. இன்னும் ஒரே கேள்வி. ‘ஆஃபேரட்’ என்று எழுகடல் சொன்னதுதான் இன்றைய ‘அஃப்ரெய்ட்’ ஆனதா?

---

குறில்நெடில் எழுதியது:

இல்லை. அதன் வாரிசு ‘அஃபியர்ட்’. ஷேக்ஸ்பியரில் தாராளம், இப்போது வட்டார வழக்கில் மட்டும். ‘அஃப்ரெய்ட்’ ஆங்கிலோ-நார்மன் பிரெஞ்சில் கலக்குதல், குலைத்தல் என்ற வினையின் எச்சம். இன்றும் அதைப் பெயருக்கு முன் அடையாக வைப்பது வழக்கமில்லை.

16ஆம் நூற்றாண்டு வரையிலான உரைகளில் ‘ஃபியர்’ வினையாக வந்தால் ஒரு எச்சரிக்கை: பழைய ‘ஃபேரன்’ அஞ்சவைத்தல்தான், அஞ்சுதல் அல்ல. ‘புயல் கப்பலை ஃபியர் செய்தது’ என்ற அமைப்பில் பயப்படுவது கப்பல்காரர்கள்.

தேடும்போது: பழைய ஆங்கிலத்துக்கான பாஸ்வர்த்-டாலர் அகராதியில் ‘ஆஷ்’ எழுத்துச் சொற்கள் ‘ஏ, டி’ முடிந்து ‘ஏ, எஃப்’ தொடங்குமுன் கிடக்கும். முன்னொட்டுள்ள வினையை முன்னொட்டோடு தேடுங்கள். ஆகெல்வனை ‘க’ வரிசையில் தேடினால் கிடைக்காது. 1921 பிற்சேர்க்கையையும் சேர்த்துப் பாருங்கள், பல பொருள்கள் அங்கேதான் திருத்தப்பட்டிருக்கின்றன.